எந்த மெட்டு?

குடிபாலா பக்கம் ஒரு சித்தர் இருக்கிறார், அவருடைய சடை தரையைத் தொடுகிறது, அவர் வாய் திறந்து பேசுவதில்லை, விசில் மட்டும்தான் அடிப்பார், அந்த விசிலைக் காதால் கேட்டவருக்கு அமெரிக்க வீசா கட்டாயம் கிடைக்கும் என்று சித்தூரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்று கேட்கக்கூடாது. வதந்திக்கு நைனாவும் கிடையாது, ஆயாவும் கிடையாது. கால் மட்டும்தான் உண்டு. டீக்கடையில் கிளம்பியபோது சடை இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. பஸ் நிலையத்துக்கு வந்தபோது முழங்காலைத் தொட்டது. மிட்டூர் வந்து சேர்ந்தபோது தரையில் புரண்டது, அதற்குள் ஒரு நல்லபாம்பும் குடியேறியிருந்தது.

மிட்டூரில் அது படியேறிய வீடு ஜெமிமா டீச்சருடையது. ஏற்றிக்கொண்டு வந்தவர் கீழ்வீட்டுக் கலைவாணி. அவருடைய மகன் கிரண்குமாருக்கு இரண்டு முறை வீசா இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அதற்காகக் கலைவாணி போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை.

ஜெமிமா டீச்சர் இந்தப் பேச்சுக்கெல்லாம் மடங்குகிறவர் அல்ல. பிள்ளைகளுக்குத் தெலுங்கில் கணக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். "நிரூபி" என்ற சொல்லை அவர் வகுப்பில் சொன்னதைவிட வீட்டில் சொன்னது அதிகம். ஜெபக் கூட்டத்தில் யாராவது எழுந்து நின்று, கர்த்தர் எனக்குக் கனவில் சொன்னார் என்று ஆரம்பித்தால், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று கேட்டுவிடுவாரோ என்று மூப்பர்கள் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கலைவாணி செல்போனை மூக்குக்கு நேராக நீட்டினார்.

வீடியோவில் ஒரு பெரியவர் குளித்துவிட்டு முதுகைக் காட்டி நின்று வெயிலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தார். பாம்பு இல்லை. தரையைத் தொடவும் இல்லை. ஆனால் முழங்காலைத் தொட்டது, அதுவே பெரிய விஷயம்தான். எடுத்த பையன் உடுக்கைச் சத்தம் சேர்த்து, 'ஜடாமுடிச் சித்தரின் ரகசியம்' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தான். உடுக்கை ஓய்ந்த இடத்தில் பெரியவர் விசில் அடித்தார்.

டீச்சரின் கத்தி பீன்ஸிலேயே நின்றுவிட்டது.

சித்தர்கள் எத்தனையோ அதிசயம் செய்திருக்கிறார்கள். தண்ணீர்மேல் நடந்திருக்கிறார்கள், செம்பைத் தங்கமாக்கியிருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமைக் கீர்த்தனையை விசிலில் வாசித்ததாக எந்தச் சித்தரைப் பற்றியும் யாரும் சொன்னதில்லை. அதிலும் இந்தச் சித்தர் தப்பாக வாசித்தார். இரண்டாவது வரியில் கீழே இறங்கவேண்டிய மெட்டை மேலே தூக்கிக்கொண்டு போனார். உலகத்தில் அந்தத் தப்பைச் செய்யக்கூடிய வாய் ஒன்றுதான் உண்டு என்று ஜெமிமாவுக்குத் தெரியும்.

"இன்னொரு வாட்டி போடு," என்றார்.

"பாத்தீங்களா டீச்சர், உங்களுக்கே ஒரு மாதிரி ஆய்டுச்சு."

"நாளைக்குப் போலாம் குடிபாலாவுக்கு. பாம்பு இருக்குதா இல்லையான்னு பாத்துடலாம்."

பாம்பைப் பார்க்க டீச்சர் இவ்வளவு அவசரப்படுவார் என்று கலைவாணி எதிர்பார்க்கவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமசுக்கு முன்னால் சித்தூரில் அவர்களுடைய சர்ச்சுக்கு வெள்ளையடிக்க ஓர் இளைஞன் வந்தான். பெயர் துலுக்காணம். எல்லைக் கிராமத்து ஆள். சொந்தமாக ஒரு பிடி மண்கூடக் கிடையாது. மட்டையும் சுண்ணாம்பு வாளியும்தான் ஆஸ்தி. கீழே பாடகர் குழு ஒத்திகை பார்க்கும்போது மேலே ஏணியில் நின்றுகொண்டு அவனும் விசிலில் கூடவே வருவான். கிறிஸ்துமஸ் பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, ஒருநாள் யாரோ சும்மா முணுமுணுத்த பெரிய வெள்ளிக் கீர்த்தனை அவன் வாயில் ஒட்டிக்கொண்டது. உபதேசியார் மகள் ஜெமிமாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. சுதி தப்பினால் அவளுக்குப் பல் கூசும். ஏணிக்கு அடியில் போய் நின்று, "ரெண்டாவது வரியில கீழ போகணும்," என்றாள்.

"ஏணி மேல நிக்கறவன கீழ போன்னா எப்டிம்மா? விழுந்துடுவேன்," என்றான் அவன்.

விழுந்தது அவன் அல்ல.

அவன் அவளைப் பாட்டுக்காரம்மா என்றான். அவள் அவனைச் சுண்ணாம்பு என்றாள். அந்த வருஷம் அந்தச் சர்ச்சுக்கு மூன்று பூச்சு விழுந்தது. இரண்டு பூச்சுக்குத்தான் பேச்சு. ஏன் மூன்றாவது என்று உபதேசியாருக்குக் கடைசிவரை புரியவில்லை, வேலைக்காரன் விசுவாசமுள்ளவன் என்று மெச்சிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் ஒப்பமாட்டார்கள். திருப்பதி மலைமேல் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்தால், அதை அவிழ்க்கச் சொல்ல எந்த ஊர்ப் பெரிய மனிதருக்கும் வாய் வராது என்பது அவன் கணக்கு. பேரம் பேசி முடித்தார்கள்: சனிக்கிழமை பெருமாளுக்கு, அது அவனுடையது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, அது அவளுடையது. மற்ற நாள் இருவருக்கும் பொது. தை மாதம் ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். உபதேசியாரின் செருப்புச் சத்தம் கேட்கவே, அவன் அவசரமாக ஒரே வார்த்தையில் இடம் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினான். "மெட்டுகிட்ட வந்து நில்லு. சேந்து ஏறலாம்."

அவள் அதற்குமுன் திருப்பதிக்குப் போனதில்லை. போகிற குடும்பமும் இல்லை. திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கி, படிக்கட்டு எங்கே என்று சுத்தமான தெலுங்கில் விசாரித்தாள். அலிபிரி என்றார்கள். அலிபிரியில் முதல் படிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். காலையில் நின்றவள், வெயில் ஏறி இறங்கும்வரை நின்றாள். சுற்றிலும் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், ஊர் ஊராகக் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறிப்போனார்கள். அவள் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. சேர்ந்து ஏறவேண்டியதைத் தனியாக ஏறுவானேன்? சாயங்கால பஸ்ஸில் சித்தூர் திரும்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அவள் நிற்கவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். தொண்டை அதற்குப் பிறகு சரியாகவே இல்லை.

ஜெபதாஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அரசு பஸ் கண்டக்டர். சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அவரோடு வாழ்ந்ததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலூர் ரூட்டில் ஓடியபோது தினமும் ஒரு கதை கொண்டுவருவார். அதில் அடிக்கடி வருகிறவர் ஒரு சடைக்காரர். "இன்னைக்கும் ஏமாந்துட்டேன் ஜெமி. பின்னால இருந்து பாத்துட்டு, அம்மா கொஞ்சம் உள்ள போங்கன்னேன். திரும்பினா இவ்ளோ மீசை." ஜெமிமா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரிப்பாள். கொரோனா இரண்டாவது அலையில் ஜெபதாஸ் போய்விட்டார். சடைக்காரர் கதையும் அவரோடு போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

குடிபாலாவைத் தாண்டி, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டின் முன்னால் கூட்டம் இருந்தது. மாமரத்தடியில் துலுக்காணம் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, அதில் கரும்பு உண்டு, சித்து மட்டும் இல்லை. ஆரம்பத்தில் அவர் வாய் திறந்து சொல்லித்தான் பார்த்தார். "தள்ளிப் போங்கய்யா" என்று கத்தியதை அருள்வாக்காக எடுத்துக்கொண்டு மூன்று பேர் வெளியூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார்கள். அன்றிலிருந்து பேச்சை விட்டு விசிலுக்கு மாறிவிட்டார். விசிலில் என்ன அர்த்தம் கண்டுபிடித்துவிட முடியும் என்று நினைத்தார், பாவம்.

கலைவாணி விழுந்து கும்பிட்டு, பையன் பெயர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் ஒப்பித்தார். துலுக்காணம் மோட்டாரிலிருந்து தலை தூக்கவில்லை. ஸ்குரூவைத் திருகிக்கொண்டே அந்த மெட்டை அடித்தார். இரண்டாவது வரி மேலே போனது.

ஜெமிமாவுக்குக் கேட்க நினைத்த கேள்வி ஒன்றுதான். அதைப் பாதி ஆயுள் முழுக்க உருட்டி வைத்திருந்தார். ஏன் வரவில்லை? மனசு மாறிவிட்டதா, மிரட்டினார்களா, ஆரம்பத்திலிருந்தே விளையாட்டா? எது என்று தெரிந்தால் போதும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டாவது வரியில கீழ போகணும்."

ஸ்குரூ கையிலிருந்து நழுவியது. அவர் நிமிரவில்லை. மோட்டாரைப் பார்த்தபடியே, "விழுந்துடுவேன்," என்றார்.

கலைவாணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பையன் வீசா விழுந்துவிடும் என்றல்லவா சித்தர் சொல்லிவிட்டார்.

துலுக்காணம் எழுந்து நின்றார். சடை முதுகில் சரிந்து முழங்காலுக்கு வந்தது. கருப்பும் வெள்ளையுமாக, கைத்தண்டு கனத்தில் இருந்தது அது. மற்றவர்களை அவர் கையைக் காட்டி அனுப்பினார்; கலைவாணி மட்டும் போகவில்லை, வீசா விஷயம் முடியாமல் அவர் எப்படிப் போவார்? பிறகு இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"ஏன் வரல?"

"நானா வரல?" என்றார் ஜெமிமா. "நாள் பூரா நின்னுக்கினு இருந்தேன். ஒரு வாய் துன்னாம, தண்ணி குடிக்காம."

"பாட்டுக்காரம்மா, பொய் சொல்லாத. பொழுது சாயற வரைக்கும் நான் மெட்டுகிட்டதான் நின்னேன். ஒரு ஈ காக்கா வரல."

"நானும் மெட்டுகிட்டதான் நின்னேன்."

இரண்டு பேரும் சத்தியம் செய்வதைப்போல் நின்றார்கள். யார் முகத்திலும் பொய் இல்லை. திருப்பதிக்கு மாதம் தவறாமல் போய்வருகிற கலைவாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த மெட்டு டீச்சர்?" என்று கேட்டார்.

"அலிபிரி," என்றார் ஜெமிமா. "சந்திரகிரி," என்றார் துலுக்காணம்.

மலைக்குப் போக இரண்டு நடைபாதை உண்டு. ஒன்று அலிபிரி. இன்னொன்று சந்திரகிரிப் பக்கம், சீனிவாச மங்காபுரத்தைத் தாண்டிப் போனால் வருகிற ஸ்ரீவாரி மெட்டு. சித்தூர்ப் பக்கத்துக் கூலிக்காரர்கள் சந்திரகிரியிலேயே இறங்கி அதில்தான் ஏறுவார்கள். அவர்கள் வாயில் அது வெறும் 'மெட்டு'. துலுக்காணத்துக்கு மெட்டு என்பது ஓர் இடத்தின் பெயர். தெலுங்கில் படித்த ஜெமிமாவுக்கு மெட்டு என்றால் படிக்கட்டு. எந்தப் படிக்கட்டு என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, ஒரு மலைக்கு ஒரு படிக்கட்டுதானே இருக்கும்? மெட்டு என்றால் பாட்டு என்று மட்டும் தெரிந்த ஏதோ ஒரு தெற்கத்திப் பெண்ணாக இருந்திருந்தால், என்ன சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருப்பாள், பிழைத்திருப்பாள். இரண்டு பாஷையும் தெரிந்ததுதான் வினை.

ஒரே நாள், ஒரே மலை. இந்த அடிவாரத்தில் ஒருத்தி, அந்த அடிவாரத்தில் ஒருத்தன். இரண்டு வழியும் போய்ச் சேருவது ஒரே உச்சிக்கு. இரண்டு பேரில் எவரும் கோபித்துக்கொண்டு ஏறிப்போகவில்லை. மற்றவர் இல்லாமல் முதல் படியில் கால் வைக்க மாட்டேன் என்று இருவரும் நின்றார்கள். அந்த உறுதிதான் அவர்களைப் பிரித்தது. ஜெமிமா வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை. இவ்வளவு பெரிய மலையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாக்குத் தவறாமல் நின்றதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

"இந்தச் சடை?" என்று கேட்டார் பிறகு.

அன்று சாயங்காலம் மெட்டில் நின்று வேண்டிக்கொண்டதாம் அது. அவள் ஏன் வரவில்லை என்று அவள் வாயால் கேட்கவேண்டும். கேட்கிற அன்றைக்கு முடி கொடுக்கிறேன், அதுவரை கத்தி படாது. பிறகு வீட்டில் பெண் பார்த்தபோது, மனைவியாக வரவிருந்த ரோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னதாம்: "முடி அந்தம்மாவுக்கு இருக்கட்டும். தலை எனக்கு."

அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமைதோறும் ரோஜா அவரை உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள், சீயக்காய் போடுவாள், சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். வேறொருத்திக்காக வளர்கிற முடி என்று தெரிந்தும் ஒரு வாரம்கூட விடாமல் செய்தாள். பின்னும்போதெல்லாம் ஒரே பாட்டு: "இன்னைக்காவது சித்தூருக்குப் போய்க் கேளுய்யா. எனக்குக் கை நோவுது." அவர் போகவில்லை. ஜெமிமா கண்டக்டர் வீட்டில் வாழ்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னைக் கண்டதும் சிரித்து சீட்டுப் பார்த்துக் கொடுக்கிற மனிதர் வீட்டுக்குப் போய் இதைக் கேட்பதா? இரண்டு வருஷத்துக்கு முன் ரோஜா காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. அதிலிருந்து அவரே பின்னிக்கொள்கிறார். பின்னல் கோணலாகத்தான் இருந்தது.

ஜெமிமா அந்தப் பின்னலைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எத்தனை சனிக்கிழமை என்று பெருக்க ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார். அது கணக்குக்குள் வருகிற பொருளாகத் தெரியவில்லை. தன் வீட்டில் தட்டை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பும், இங்கே ஒருத்திக்கு நொந்த கையும் ஒரே சடையின் இரண்டு முனை என்று நினைத்தபோது, ஜெபக் கூட்டத்தில் கனவு கண்டவர்களையெல்லாம் இனிமேல் அதட்டக்கூடாது என்று முடிவு செய்தார்.

"மலைக்குப் போலாம்," என்றார். "நீ உன் மெட்டுல ஏறு. நான் என் மெட்டுல ஏர்றேன்."

"உன் முட்டி?"

"முட்டி என்னுது. நீ சடையப் பாத்துக்க, படியில மாட்டிக்கப் போவுது."

இந்த முறை இடத்தை வகுப்பில் கேட்பதுபோல் ஒப்பிக்கச் சொன்னார். மேலே முடி இறக்கும் மண்டபம், கல்யாணக்கட்டை. கல்யாணக்கட்டையில் சின்னது பல உண்டு என்று கலைவாணி எச்சரித்தார். பெரிய கல்யாணக்கட்டை வாசல் என்று திருத்தி, டீச்சர் மூன்று தடவை சொல்லவைத்தார். போன் பேசுவது கிடையாது என்றும் தீர்மானமாயிற்று. அன்றைக்கு இருந்ததா போன்?

சனிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பெண்களுக்கு பஸ் இலவசம் ஆகிவிட்ட காலம். பின்னாலிருந்து வந்த கண்டக்டர், ஆதார் கார்டு எடுங்கம்மா என்று துலுக்காணத்தின் தோளில் தட்டினார். திரும்பினார், இவ்வளவு மீசை. ஜெமிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்போடு வேறொன்றும் கண்ணில் வந்தது, அது ஜெபதாஸுக்கு. சந்திரகிரியில் துலுக்காணம் இறங்கிக்கொண்டார்.

அலிபிரியில் அந்த முதல் படி அங்கேயேதான் இருந்தது. ஒரு புதுப்பெண் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். ஜெமிமா மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கால் வைத்தார். ஏற ஏற முட்டி தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஏறிய ஓர் அம்மாள் என்ன வேண்டுதல் என்று தெலுங்கில் விசாரித்தார். வேண்டுதல் ஒன்றுமில்லை, மேலே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார் என்றார் ஜெமிமா. அந்த அம்மாள் கண்கலங்கிக் கைகூப்பினார். ஆமாம் தாயே, எல்லாருக்கும் அவர்தானே காத்திருக்கிறார். ஜெமிமா திருத்தவில்லை.

மேலே வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. கல்யாணக்கட்டை வாசலில் அவர் இல்லை.

அப்போதுதான் தெரிந்தது, அந்த மண்டபத்துக்கு வாசல் ஒன்றல்ல. இன்னொரு வாசலுக்குப் போனார். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசின மொட்டை. ஆணும் பெண்ணும் குழந்தையும், ஏழையும் பணக்காரனும், எல்லாம் ஒரே மொட்டை. சடை இருந்தால் ஊருக்குள் முதலில் தெரிவார். இறக்கியிருந்தால்? இத்தனை மொட்டைக்குள் ஒரு மொட்டையை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பழைய சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. கையில் போன் இருந்தது. எடுக்கவில்லை.

கோவிந்தா என்ற இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு விசில் கேட்டது. முதல் வரி சரி. இரண்டாவது வரி மேலே போயிற்று.

தப்பான சுதி கேட்டு ஜெமிமாவுக்குப் பல் கூசாத நாள் அது ஒன்றுதான். சத்தம் வந்த பக்கம் போனார். துலுக்காணம் சடையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, நாவிதர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முடியில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. கத்தி மட்டும் படவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வாசலை.

"வந்துட்டியா. இனி இறக்கிடலாம்," என்றார்.

"நிறுத்து. நீ இன்னா வேண்டிக்கின?"

"அவ ஏன் வரலன்னு அவ வாயால கேட்டா முடி கொடுக்கறேன்னு. அதான் கேட்டுட்டேனே."

"எங்க கேட்ட? நான்தான் வந்தேனே. வந்தவ எப்டி ஏன் வரலன்னு சொல்லுவா? கேள்வியே தப்புய்யா. அப்புறம், தலை ரோஜாவுது. அவங்களக் கேக்காம கத்தி வைக்க நீ யாரு?"

துலுக்காணம் ஈரச் சடையைப் பிழிந்தார். வேண்டியது வேண்டியதுதான், சாமி விஷயத்தில் இலக்கணம் பார்க்கக்கூடாது என்று மட்டும் முனகினார். நாவிதர் இருவரையும் பார்த்துவிட்டு, முதலில் வீட்டில் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெலுங்கில் சொல்லி அடுத்தவரை அழைத்தார். வீட்டில் என்று அவர் சொன்னதை இருவருமே திருத்தவில்லை.

இப்போது சித்தூரில் வேறு பேச்சு நடக்கிறது. ஜெமிமா டீச்சர் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாராம். சித்தர் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாராம். இரண்டும் பொய். டீச்சர் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார், தொண்டை சரியாகிவிட்டது என்பது மட்டும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் சடை வைத்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் நிஜம். கிரண்குமாருக்கு மூன்றாம் முறை வீசா கிடைத்துவிட்டது. கலைவாணி அதற்கு என்ன காரணம் சொல்கிறார் என்று எழுதவேண்டியதில்லை. சனிக்கிழமை காலை குடிபாலா பஸ்ஸில் டீச்சரைப் பார்க்கலாம், பையில் சீயக்காய் இருக்கும். பின்னல் இப்போது நேராக இருக்கிறது.

வழக்கு மட்டும் தீரவில்லை. கொடுக்கவேண்டும் என்று அவர் சொல்கிறார், கணக்கு தப்பு என்று இவர் சொல்கிறார், சடை நீண்டுகொண்டு போகிறது. ஏழுமலையானுக்கு ஒரு தலை முடி பாக்கி. தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கின கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர் அவர். இதுவரை கேட்டு ஆள் அனுப்பவில்லை.